எஞ்சின் கட்டுப்பாட்டகம் மாற்றுதல்

எஞ்சின் கட்டுப்பாட்டகம் மாற்றுதல் என்பது, தானுந்து ஒன்றின் எஞ்சினை இயக்கும் மின்னணுக் கட்டுப்பாட்டு அலகு பழுதடையும்போது, அதனைக் கழற்றி, இணையான வேறோர் அலகைப் பொருத்தி, ஊர்தியின் பிற அமைப்புகளோடு இணங்கச் செய்யும் பணியாகும். இவ்வலகு பட்டறைகளில் ஈசியூ என்றும் ஈசிஎம் என்றும் அழைக்கப்படுகிறது. எளிய கைக்கருவிகளும் ஒரு மல்டிமீட்டரும் ஊர்திக்குரிய மின்சுற்று வரைபடமும் இருப்பின், 2000ஆம் ஆண்டையொட்டி வந்த பெரும்பாலான சிறிய பெட்ரோல் தானுந்துகளில் இப்பணியை வீட்டிலேயே செய்ய இயலும். கழற்றி மாட்டுவது ஏறத்தாழ அரை மணி நேர வேலையே. அலகு உண்மையில் பழுதடைந்துள்ளதா என உறுதிப்படுத்துவதும், மாற்று அலகை ஊர்தியின் சாவியோடு பொருந்தச் செய்வதுமே கடினமானவை. இவ்விரண்டையும் புறக்கணித்து வாங்கப்படும் அலகு பல நேரங்களில் பயனற்றுப் போகிறது.

இக்கட்டுரை திருப்பூர் பின்னலாடை வட்டாரத்தில் இன்றும் ஓடும் பழைய தானுந்துகளை எடுத்துக்காட்டாகக் கொள்கிறது. திருப்பூரில் பின்னல், வெளுத்தல், சாயமிடல், வெட்டுதல், தைத்தல், இஸ்திரியிடல் ஆகியவை பெரும்பாலும் வெவ்வேறு இடங்களில் நடைபெறுகின்றன. எனவே துணியும் வெட்டிய பாகங்களும் நாள் முழுவதும் ஊருக்குள் பயணித்தவாறே உள்ளன. சிறிய ஜாப் ஒர்க் பிரிவுகள் பலவற்றில் இச்சுமையைத் தூக்குவது மாருதி ஆம்னி போன்ற பழைய ஊர்தியே. அது நின்றுவிட்டால் அன்றைய தையல் வரிசைக்குத் துணி வந்து சேராது. புதிய அலகின் விலையோ பழைய ஊர்தியின் சந்தை மதிப்பில் கணிசமான பங்காக இருக்கும். ஆகவே அலகை மாற்றுவதா, பழுதுபார்ப்பதா, ஊர்தியையே கழித்துவிடுவதா என்ற கேள்வி இங்கு அடிக்கடி எழுகிறது.

வரலாறு

எரிபொருளை மின்னணு முறையில் உட்செலுத்தும் அமைப்பை அமெரிக்காவின் பெண்டிக்ஸ் நிறுவனம் 1957இல் எலெக்ட்ரோஜெக்டர் என்ற பெயரில் அறிமுகப்படுத்தியது. அக்கால மின்னணுப் பாகங்கள் வெப்பத்தையும் ஈரத்தையும் தாங்கவில்லை. அது பொருத்தப்பட்ட ஊர்திகள் மிகச் சிலவே. அவற்றிலும் பெரும்பாலானவை பின்னர் கார்புரேட்டருக்கு மாற்றப்பட்டன. ஜெர்மனியின் போஷ் நிறுவனம் 1967இல் டி-ஜெட்ரானிக் அமைப்பை வோல்க்ஸ்வாகன் 1600 ஊர்தியில் வெளியிட்டது. இதுவே பேரளவில் வெற்றி பெற்ற முதல் மின்னணு உட்செலுத்தல் அமைப்பு எனலாம். இதில் நுண்செயலி கிடையாது. உட்செலுத்தலையும் தீப்பொறி நேரத்தையும் ஒரே எண்முறை அலகில் இணைத்த போஷ் மோட்ரானிக் 1979இல் வந்தது. இன்றைய கட்டுப்பாட்டகங்கள் இதன் வழி வந்தவை.

இந்தியாவில் இம்மாற்றம் புகைக் கட்டுப்பாட்டின் வழியே நிகழ்ந்தது. 1995 ஏப்ரல் முதல் நான்கு பெருநகரங்களில் விற்கப்பட்ட புதிய பெட்ரோல் தானுந்துகளுக்கு வினையூக்கி மாற்றி கட்டாயமாக்கப்பட்டது. 1999 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் தில்லி வட்டாரத்துக்கு யூரோ நெறிகளை விரைந்து நடைமுறைப்படுத்த ஆணையிட்டது. 2000 ஏப்ரல் முதல் யூரோ 1க்கு இணையான இந்தியா 2000 நெறி நாடு முழுவதும் நடைமுறைக்கு வந்தது. அவ்வாண்டிலேயே ஈயம் கலந்த பெட்ரோல் விற்பனையும் முடிவுக்கு வந்தது. 1983 டிசம்பரில் சந்தைக்கு வந்த மாருதி 800 ஏறத்தாழ பதினாறு ஆண்டுகள் கார்புரேட்டருடன் ஓடிய பின், 2000ஆம் ஆண்டையொட்டிப் பல்முனை எரிபொருள் உட்செலுத்தலைப் பெற்றது. ஸ்ரீபெரும்புதூரை அடுத்த இருங்காட்டுக்கோட்டையில் 1998இல் உற்பத்தியைத் தொடங்கிய ஹூண்டாய் சான்ட்ரோ தொடக்கத்திலிருந்தே உட்செலுத்தல் எஞ்சினுடன் வந்தது. எம்பிஎஃப்ஐ என்ற எழுத்துகள் ஊர்தியின் பின்புறத்தில் பெருமையாக ஒட்டப்பட்ட காலம் அது.

மாருதி 800இன் உற்பத்தி 2014இலும் ஆம்னியின் உற்பத்தி 2019இலும் நிறுத்தப்பட்டன. கார்புரேட்டர் ஊர்தி நடுவழியில் நின்றால் ஒரு திருப்புளியுடன் சரிசெய்த மெக்கானிக்குகள் எம்பிஎஃப்ஐ ஊர்தியைத் தொடத் தயங்கினர். அத்தயக்கத்திலிருந்து பிறந்ததே 'எல்லாம் கம்ப்யூட்டர் கோளாறு' என்ற பொதுவான தீர்ப்பு. பெரும்பாலான நேரங்களில் அது தவறான தீர்ப்பாகும்.

செயற்படும் முறை

பெட்ரோல் முழுமையாக எரிய, எடையளவில் ஒரு பங்கு பெட்ரோலுக்கு ஏறத்தாழ 14.7 பங்கு காற்று தேவை. இவ்விகிதத்தை ஒட்டி நின்றால் மட்டுமே மூவழி வினையூக்கி மாற்றி தன் பணியைச் சரிவரச் செய்யும். கார்புரேட்டரால் இந்த நுட்பத்தைத் தொடர்ந்து காக்க இயலாததால்தான் மின்னணு அலகு தேவைப்பட்டது.

எஞ்சின் நிமிடத்துக்கு 3000 சுற்றுகள் சுழலும்போது ஒவ்வோர் உருளையும் 40 மில்லி நொடிக்கு ஒருமுறை காற்றை உள்ளிழுக்கிறது. அந்த இடைவெளிக்குள் எவ்வளவு காற்று வந்தது எனக் கணக்கிட்டு, உட்செலுத்தியைச் சில மில்லி நொடிகள் திறந்து மூடுவதே கட்டுப்பாட்டகத்தின் தலையாய வேலை. வணரி அச்சின் நிலை, உள்ளிழுகுழாயின் அழுத்தம், காற்றின் வெப்பநிலை, குளிர்நீரின் வெப்பநிலை, முடுக்கு வால்வின் திறப்பு, கழிவு வளியில் எஞ்சிய ஆக்சிஜன் ஆகியவற்றை உணரிகள் வாயிலாக அது அறிகிறது. உட்செலுத்திகள், தீப்பொறிச் சுருள், எரிபொருள் பம்பின் ரிலே, வெற்றோட்ட வேகக் கட்டுப்பாட்டு வால்வு ஆகியவற்றை இயக்குகிறது.

உணரிகள் பலவற்றுக்கும் கட்டுப்பாட்டகமே 5 வோல்ட்டு மின்னழுத்தம் வழங்குகிறது. பழுதறியும்போது இச்செய்தி பெரிதும் பயன்படும்.

பழுதுக்கான காரணங்கள்

கட்டுப்பாட்டகம் தானாகப் பழுதடைவது அரிது. அதன் உள்ளே அசையும் பாகம் எதுவும் இல்லை. பெரும்பாலும் வெளியிலிருந்து வரும் தீங்கே அதனைக் கெடுக்கிறது.

முதலாவது நீர். சிறிய தானுந்துகள் பலவற்றில் அலகு முன்பலகையின் அடியில் பொருத்தப்பட்டுள்ளது. முன்கண்ணாடிக்குக் கீழே உள்ள காற்றுத் துளைகளில் இறங்கும் மழைநீர் வெளியேறுவதற்கென வடிகால்கள் உண்டு. மரத்தடியில் நிற்கும் ஊர்திகளில் இவை சருகால் அடைபடும். நிட்டிங், கட்டிங் பிரிவுகளின் வாசலில் நாள்தோறும் நிற்கும் ஊர்திகளில் பஞ்சுத் தூசி தூசியோடு சேர்ந்து களிம்பாகி அடைக்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் நீர் தேங்கி வண்டியின் உள்ளே கசிந்து, கம்பிக் கற்றை வழியே அலகின் இணைப்பியை அடையும். வெள்ளம் தேங்கிய ரயில்வே சுரங்கப் பாதையைக் கடக்கும் ஊர்திகளுக்கும் இதே கதிதான். செப்பு முனைகளில் பச்சைக் களிம்பு காணப்படின் நீர் புகுந்தது உறுதி. வெளுக்கும், சாயமிடும் பட்டறைகளின் அமில, குளோரின் ஆவி இக்களிம்பை விரைவுபடுத்தும்.

இரண்டாவது மனிதக் கை. எஞ்சின் ஓடும்போதே பேட்டரியின் முனையைக் கழற்றி, ஆல்டர்னேட்டர் வேலை செய்கிறதா என்று பார்க்கும் பழக்கம் தமிழ்நாட்டுப் பட்டறைகளில் நெடுங்காலமாக உள்ளது. டைனமோ காலத்து அம்பாசடரில் இதனால் பெரிய கேடு இல்லை. மின்னணு அலகுள்ள ஊர்தியில் அவ்வாறு செய்தால், சுமை திடீரென நீங்குவதால் மின்னழுத்தம் ஒரு கணம் பல பத்து வோல்ட்டு உயரும். அலகின் காப்புப் பாகங்கள் அதனை ஒருமுறை தாங்கலாம். மறுமுறை தாங்காமலும் போகலாம். 24 வோல்ட்டு லாரியிலிருந்து மின்சாரம் எடுத்து வண்டியைக் கிளப்புதல், பேட்டரி முனைகளை மாற்றி மாட்டுதல், பேட்டரியைக் கழற்றாமல் உடற்பகுதியில் மின்பற்றவைப்பு செய்தல் ஆகியனவும் இவ்வகைத் தவறுகளே.

மூன்றாவதாக, பின்னாளில் செருகப்பட்ட இணைப்புகளைக் குறிப்பிட வேண்டும். எரிவாயுவில் ஓடும்படி மாற்றப்பட்ட பெட்ரோல் ஊர்திகளில் உட்செலுத்திகளின் கம்பிகள் வெட்டப்பட்டு, அவற்றிடையே ரிலே அல்லது போலிக் குறிகை தரும் சிறு பெட்டி இணைக்கப்பட்டிருக்கும். முறுக்கி நாடா சுற்றிய அவ்விணைப்புகள் சில ஆண்டுகளில் தளர்கின்றன. வண்டி எரிவாயுவில் ஓடி, பெட்ரோலில் ஓடவில்லையெனில் கட்டுப்பாட்டகத்தைவிட இவ்விணைப்புகளையே முதலில் ஐயுற வேண்டும்.

அலகின் உள்ளே வயதினால் கெடுபவை இரண்டு. மின்பகு மின்தேக்கிகள் உலர்ந்தோ கசிந்தோ போகும். கசியும் திரவம் பலகையின் செப்புத் தடங்களை அரிக்கும். வெப்ப ஏற்றத்தாழ்வினால் பற்றாசு இணைப்புகளில் நுண்ணிய விரிசல் விழும். காலையில் கிளம்பி, எஞ்சின் சூடானதும் நின்று, ஆறியதும் மீண்டும் கிளம்பும் வண்டியில் இவ்விரிசலும் ஒரு காரணமாகலாம். ஆயினும் சூடானபின் செயலிழக்கும் வணரி அச்சு உணரியும் இதே அறிகுறியைக் காட்டும் என்பதை மறத்தல் கூடாது.

பழுதை உறுதிப்படுத்தல்

கட்டுப்பாட்டகத்தைக் குற்றஞ்சாட்டும் முன் அதற்கு வரும் மின்சாரத்தையும், தரை இணைப்பையும், உணரிகளையும் ஒவ்வொன்றாக விலக்க வேண்டும். அலகு கடைசிக் குற்றவாளி என்று கொள்வதே முறை.

பேட்டரியிலிருந்து தொடங்குவது நன்று. ஓய்வு நிலையில் முழுதும் மின்னேற்றம் பெற்ற பேட்டரி ஏறத்தாழ 12.6 வோல்ட்டு காட்டும். எஞ்சினைச் சுழற்றும்போது இது 9.6 வோல்ட்டுக்குக் கீழ் இறங்கினால் பேட்டரி அல்லது அதன் முனைகள் பழுது. மின்னழுத்தம் மிகவும் தாழ்ந்தால் நல்ல கட்டுப்பாட்டகமும் செயலிழக்கும். அதற்குக் குற்றம் இல்லை.

அடுத்து, சாவியை ஓட்ட நிலைக்குத் திருப்பினால் எஞ்சின் எச்சரிக்கை விளக்கு எரிய வேண்டும். பின்னிருக்கைப் பக்கமிருந்து எரிபொருள் பம்பு இரண்டு, மூன்று நொடிகள் இரையும் ஒலியும் கேட்க வேண்டும். விளக்கு எரிந்து பம்பும் ஓடினால் அலகுக்கு மின்சாரம் வருகிறது, அதன் செயலியும் விழித்திருக்கிறது என்று பொருள். இரண்டும் இல்லையெனில் உருகி, முதன்மை ரிலே, தரை இணைப்பு ஆகியவற்றைச் சோதிக்க வேண்டும். விளக்கின் குமிழே கெட்டிருக்கலாம் என்பதையும் நினைவிற்கொள்க.

தரை இணைப்பு தனியே கூறத்தக்கது. பழைய ஊர்திகளில் கட்டுப்பாட்டகக் கோளாறு எனக் கருதப்படுவனவற்றுள் பல இங்குதான் முடிகின்றன. மல்டிமீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் எதிர்முனையிலும், மறுமுனையை அலகின் இணைப்பியில் உள்ள தரைக் கம்பியிலும் வைத்து, உதவியாளர் எஞ்சினைச் சுழற்றும்போது அளக்க வேண்டும். 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எங்கோ துருவோ தளர்வோ உள்ளது. எஞ்சின் நின்றிருக்கையில் ஓம் அளவு மட்டும் பார்த்தல் போதாது. ஒரே ஓர் இழை மிஞ்சிய கம்பியும் ஓம் அளவில் நலமாகவே தோன்றும். மின்னோட்டம் பாயும்போதுதான் குட்டு வெளிப்படும். எஞ்சினிலிருந்து உடற்பகுதிக்குச் செல்லும் தரைப் பட்டையைக் கழற்றி, உப்புத்தாளால் தேய்த்து, மீண்டும் இறுக்குவதற்குச் செலவு ஏதுமில்லை.

பின்னர் 5 வோல்ட்டு வழங்கலைச் சோதிக்க வேண்டும். முடுக்கு வால்வு உணரியின் இணைப்பியைக் கழற்றி, அதில் 5 வோல்ட்டு வருகிறதா என்று பார்க்கலாம். வரவில்லையெனில் அலகு பழுது என்று உடனே முடிவு செய்தல் தவறு. ஓர் உணரியில் குறுக்குச்சுற்று ஏற்பட்டாலும், கம்பி எங்கேனும் உராய்ந்து உடலைத் தொட்டாலும் 5 வோல்ட்டு முழுவதும் இறங்கிவிடும். மல்டிமீட்டரை மாட்டி வைத்துக்கொண்டு, 5 வோல்ட்டு பெறும் உணரிகளை ஒவ்வொன்றாகக் கழற்ற வேண்டும். எதைக் கழற்றும்போது மின்னழுத்தம் திரும்புகிறதோ அதுவே குற்றவாளி. எல்லாவற்றையும் கழற்றிய பின்னும், கம்பிகளில் குறையில்லை எனக் கண்ட பின்னும், அலகுக்கு மின்சாரமும் தரையும் சரியாக இருந்தும் 5 வோல்ட்டு வரவில்லையெனில் அலகின் உள்ளே பழுது என்று துணியலாம்.

உட்செலுத்திகளுக்கு அலகிலிருந்து குறிகை வருகிறதா என்பதை, உட்செலுத்தி இணைப்பியில் செருகும் சிறு விளக்கால் அறியலாம். எஞ்சின் சுழலும்போது அது மினுங்க வேண்டும். ஓர் உருளைக்கு மட்டும் மினுங்கவில்லையெனில் முதலில் அக்கம்பியின் தொடர்ச்சியைப் பார்க்க வேண்டும்; கம்பி நலமெனில் அலகின் உள்ளே அவ்வுருளைக்குரிய இயக்கித் திரிதடையம் கெட்டிருக்கலாம். அது ஏன் கெட்டது என்றும் கேட்க வேண்டும். இவ்வகை ஊர்திகளின் உட்செலுத்திச் சுருள் பொதுவாக 11 முதல் 16 ஓம் வரை காட்டும். உட்செலுத்தி குறுக்குச்சுற்றாகியிருந்தால், மாற்றிய புதிய அலகும் அதே நாளில் அதே இடத்தில் எரிந்துபோகும். அலகை இருமுறை வாங்க நேர்வது பெரும்பாலும் இதனால்தான்.

குளிர்நீர் வெப்ப உணரியை ஓம் அளவால் அறியலாம். 20 பாகை செல்சியசில் இரண்டு முதல் மூன்று கிலோ ஓம், 80 பாகையில் ஏறத்தாழ 0.3 கிலோ ஓம் என்பது பொதுவான அளவு. இவ்வுணரி கெட்டால் எஞ்சின் எப்போதும் குளிர்ந்திருப்பதாகக் கருதி அலகு மிகுதியான பெட்ரோலை ஊற்றும். கரும்புகையையும் மைலேஜ் குறைவையும் கண்டு அலகை மாற்றுவோர், சில நூறு ரூபாய் உணரியின் பிழைக்குப் பல ஆயிரம் செலவிடுகின்றனர்.

பிழைக்குறிகளைப் படித்தல் இவையனைத்துக்கும் துணையாகும். இந்தியாவில் தன்பழுதறி அமைப்பு பாரத் ஸ்டேஜ் 4 ஊர்திகளுக்கு 2010 முதல் படிப்படியாகக் கட்டாயமானது. அதற்கு முந்தைய ஊர்திகளில் மலிவான புளூடூத் கருவிகள் இணையாமற் போகலாம். இதனை அலகின் பழுது எனக் கொள்ளலாகாது. சுசூக்கி வழிவந்த பழைய ஊர்திகள் பலவற்றில், பழுதறி இணைப்பியின் சோதனை முனையைத் தரையோடு இணைத்தால் எச்சரிக்கை விளக்கு மினுங்கிப் பிழை எண்ணைக் கூறும். ஒருமுறை மினுங்கி, சற்று நின்று, இருமுறை மினுங்கினால் அது 12. பிழை ஏதும் பதிவாகவில்லை என்று பொருள். எந்த முனை என்பதை அவ்வூர்தியின் கையேட்டைப் பார்த்தே உறுதி செய்ய வேண்டும். வேறு முனையைத் தரையோடு இணைப்பது தீங்கு விளைவிக்கும்.

மாற்று அலகைத் தேர்ந்தெடுத்தல்

அலகின் மேல் ஒட்டப்பட்ட தாளில் உள்ள பாக எண் முழுவதும் ஒத்திருக்க வேண்டும். பெட்டியின் வடிவமும் இணைப்பியும் ஒன்றாக இருப்பது போதாது. ஒரே பெயருள்ள ஊர்தியிலேயே ஆண்டு, புகை நெறி, குளிரூட்டி உள்ளமை, இல்லாமை ஆகியவற்றுக்கேற்ப அலகுகள் வேறுபடும். எண்ணின் ஈற்றெழுத்து மாறினால் உள்ளிருக்கும் நிரலும் மாறியிருக்கலாம்.

நிறுவன விற்பனை மையங்களில் பழைய வகைகளுக்குப் புதிய அலகு கிடைப்பது குறைந்து வருகிறது. ஆதலால் கழித்த வண்டிகளின் பாகங்களே பெரும்பாலோரின் வழி. சென்னைப் புதுப்பேட்டை இதற்குப் பெயர் பெற்றது. திருப்பூர்க்காரர்களுக்கு அண்மையில் இருப்பவை கோவை உக்கடம் பகுதியின் பழைய உதிரிபாகக் கடைகள். எந்த வண்டியிலிருந்து எடுத்தது என்ற விவரத்துடன் ரசீது பெறுவது இன்றியமையாதது. திருட்டு வண்டியின் பாகமாக இருந்துவிடலாம் என்பது ஒரு காரணம். வண்டியில் மாட்டிப் பார்த்துப் பொருந்தாவிடின் திருப்பித் தரும் உரிமை மற்றொரு காரணம்.

இங்கு திருட்டுத் தடுப்பு அமைப்பை விளக்க வேண்டும். 2000களின் முற்பகுதியிலிருந்து பல ஊர்திகளில், சாவியின் பிளாஸ்டிக் தலைக்குள் மிகச் சிறிய சில்லு ஒன்று வைக்கப்படுகிறது. மாருதி ஊர்திகளில் இவ்வமைப்பு ஐகேட்ஸ் என்ற பெயரில் வந்தது. சாவித் துளையைச் சுற்றியுள்ள கம்பிச்சுருள் சில்லின் எண்ணைப் படித்துத் தடுப்பு அலகுக்குத் தரும். தடுப்பு அலகு எஞ்சின் கட்டுப்பாட்டகத்துக்கு இசைவுக் குறி அனுப்பும். அக்குறி வந்தால்தான் உட்செலுத்தலும் தீப்பொறியும் நிகழும். சாவி, தடுப்பு அலகு, கட்டுப்பாட்டகம் ஆகிய மூன்றும் ஒன்றையொன்று அறிந்தவை. வேறு வண்டியின் கட்டுப்பாட்டகத்தை மட்டும் கொணர்ந்து மாட்டினால், அது பழைய உடைமையாளரின் சாவியையே தேடும். எஞ்சின் சுழலும், கிளம்பாது, அல்லது கிளம்பி ஓரிரு நொடிகளில் நிற்கும். முன்பலகையில் சாவி அல்லது பூட்டுச் சின்னம் மினுங்கும். இதனைக் கண்டு 'வந்த பீசும் டெட்' என்று முடிவு கட்டுவோர் பலர்.

இதற்குத் தீர்வுகள் மூன்று. கட்டுப்பாட்டகம், தடுப்பு அலகு, சில்லுள்ள சாவி ஆகியவற்றை ஒரே வண்டியிலிருந்து செட்டாக வாங்கி மூன்றையும் மாற்றுவது எளியது. கதவைத் திறக்கப் பழைய சாவியே போதும்; புதிய சாவியின் சில்லைப் பழைய சாவித் தலைக்குள் வைத்துவிடவும் செய்யலாம். நிறுவனப் பட்டறையின் கருவியால் மாற்று அலகை வண்டியோடு இணைத்துப் பதிவு செய்வது இரண்டாவது. எல்லா வகைகளிலும் இது இயலாது. ஏற்கெனவே ஒரு வண்டியோடு இணைந்த அலகைச் சில வகைகள் ஏற்பதில்லை. நினைவகத் தரவைப் பழைய அலகிலிருந்து மாற்றுவது மூன்றாவது. அது பின்னர் விளக்கப்படுகிறது. 2000ஆம் ஆண்டையொட்டிய தொடக்க கால உட்செலுத்தல் ஊர்திகளில் இவ்வமைப்பு இல்லாதவை உண்டு. அவற்றில் பாக எண் ஒத்தால் போதும்.

கழற்றலும் பொருத்தலும்

சாவியை எடுத்துச் சில நிமிடங்கள் கழித்துப் பேட்டரியின் எதிர்முனையைக் கழற்ற வேண்டும். ஒலிப்பெட்டிக்குக் குறியீட்டு எண் இருப்பின் முன்பே குறித்துக்கொள்க. காற்றுப் பை உள்ள வண்டியெனில் மேலும் மூன்று நிமிடமேனும் காத்திருப்பதும், மஞ்சள் நிற இணைப்பிகளைத் தொடாதிருப்பதும் நன்று.

அலகின் முனைகளைக் கையால் தொடுதல் கூடாது. பஞ்சும் செயற்கை இழையும் கலந்த துணிகளிடையே வேலை செய்துவிட்டு வருவோரின் உடலில் நிலைமின்னேற்றம் எளிதில் சேரும். வண்டியின் வண்ணம் பூசாத உலோகப் பகுதியைத் தொட்டபின் வேலையைத் தொடங்குவது போதுமான காப்பு.

இணைப்பியில் பூட்டு நெம்பு இருக்கும். அதனை விடுவிக்காமல் கம்பிகளைப் பிடித்து இழுத்தால் முனைகள் வளையும். கழற்றியதும் இருபக்க முனைகளையும் நல்ல வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். களிம்பு இருப்பின் மின்தொடர்பு தூய்மிக் கரைசலால் துடைத்து உலர விட வேண்டும். உப்புத்தாள் இங்கு கூடாது, முலாம் போய்விடும். நீர் புகுந்த தடம் இருப்பின் அது வந்த வழியை அடைக்காமல் மாற்று அலகை மாட்டுவதில் பயனில்லை.

மாற்று அலகைப் பொருத்தித் திருகாணிகளை இறுக்கியபின் பேட்டரியை இணைத்து, சாவியை ஓட்ட நிலையில் சற்று நேரம் வைத்து, பிழை விளக்கைக் கவனித்து, அதன்பின் எஞ்சினைக் கிளப்ப வேண்டும். முதல் சில நிமிடங்கள் வெற்றோட்ட வேகம் ஏறி இறங்குவது இயல்பே. அலகு தன் எஞ்சினின் போக்கைப் பயிலும் காலம் அது. எஞ்சின் முழுவதும் சூடாகி விசிறி ஒருமுறை ஓடி நிற்கும்வரை ஓட விட்டு, பின் குளிரூட்டியையும் முகப்பு விளக்கையும் போட்டுப் பார்க்கலாம். அவினாசி, பல்லடம் போன்ற சாலைகளில் பதினைந்து, இருபது கிலோமீட்டர் சீராக ஓட்டிய பின்னரும் வேகம் நிலைகொள்ளாவிடின் காற்றுக் கசிவையோ வெற்றோட்ட வால்வில் படிந்த கரியையோ பார்க்க வேண்டும். பழைய அலகை எக்காரணத்தாலும் கடைக்காரரிடம் மாற்றுப்பொருளாகத் தந்துவிடலாகாது. வண்டியின் சாவிக்குரிய தரவு அதற்குள்தான் உள்ளது.

நினைவகத் தரவை மாற்றுதல்

பல அலகுகளில் சாவிக்குரிய தரவு எட்டு முனைகள் கொண்ட சிறிய அழித்தெழுது நினைவகச் சில்லு ஒன்றில் இருக்கும். அதனைப் படிக்கும் கருவி விலை குறைந்தது. சில்லைப் பலகையில் இருக்கும்போதே படிக்க முயன்றால், கருவியின் மின்சாரம் பலகையின் பிற பாகங்களுக்கும் பாய்ந்து தவறான தரவு வரலாம். ஆகவே வெப்பக் காற்றால் கழற்றிப் படிப்பதே நம்பகமானது. குறைந்தது இருமுறை படித்து இரு பதிவுகளும் ஒத்துள்ளனவா எனப் பார்த்தபின்பே எழுத வேண்டும். மாற்று அலகின் மூலத் தரவையும் எழுதுமுன் சேமித்துக்கொள்வது அறிவுடைமை. வேறு சில வகைகளில் இத்தரவு நுண்கட்டுப்படுத்தியின் உள்ளேயே இருக்கும். அவற்றை வீட்டில் கையாள இயலாது. பற்றாசு வேலையில் பழக்கமில்லாதோர் இக்கட்டத்தைப் பிறரிடம் ஒப்படைப்பதே நல்லது.

பலகை நிலையில் பழுதுபார்த்தல்

இவ்விடத்தில் திருப்பூருக்கு ஒரு வசதி உண்டு. வட்டப் பின்னல் எந்திரங்கள், சாயமிடும் எந்திரங்கள், கணினிவழித் தையல் எந்திரங்கள் ஆகியவற்றின் கட்டுப்பாட்டுப் பலகைகளையும், மோட்டார் வேகமாற்றிகளையும் பழுதுபார்க்கும் சிறு மின்னணுப் பட்டறைகள் ஊரில் இயங்குகின்றன. அயல்நாட்டிலிருந்து பலகை வந்து சேரும்வரை எந்திரத்தை நிறுத்தி வைக்க முடியாத தொழிலின் தேவையால் வளர்ந்த திறன் அது. எஞ்சின் கட்டுப்பாட்டகத்தின் பலகையும் பெரும்பாலும் அதே வகைப் பாகங்களால் ஆனதே. கசிந்த மின்தேக்கியை மாற்றுதல், விரிசல் விழுந்த பற்றாசை மீண்டும் உருக்குதல், அரித்த தடத்துக்கு மெல்லிய கம்பியால் பாலம் இடுதல், எரிந்த இயக்கித் திரிதடையத்தை மாற்றுதல் ஆகியவற்றை அத்தகைய தொழில்நுட்பர் செய்யவியலும்.

பழுது இன்ன இடத்தில் என்று மேற்கூறிய சோதனைகளால் கண்டறிந்து, 'மூன்றாம் உருளையின் உட்செலுத்தி இயக்கி வேலை செய்யவில்லை' என்று கூறி ஒப்படைத்தால் வேலை விரைவில் முடியும். 'வண்டி ஓடவில்லை' என்று மட்டும் கூறி ஒப்படைத்தால் அவரால் செய்யக்கூடியது குறைவு. வண்டி அவரிடம் இல்லை அல்லவா. பழுதுபார்க்கப்பட்ட மூல அலகில் சாவித் தரவு மாறுவதில்லை என்பதால், பாகங்கள் கிடைக்கும்வரை மாற்றுவதைக் காட்டிலும் பழுதுபார்ப்பதே மேல். ஈரத்தைத் தடுக்கப் பூசப்பட்டிருக்கும் காப்புப் பூச்சை வேலை முடிந்தபின் மீண்டும் பூசச் சொல்ல வேண்டும். பலர் இதனை விட்டுவிடுகின்றனர். அடுத்த மழையில் பழுது திரும்புகிறது.

சட்டமும் புகைச் சோதனையும்

மோட்டார் வாகனச் சட்டம், 1988இன் 52ஆம் பிரிவு, பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளரின் மூல அமைப்பிலிருந்து வேறுபடும்படி ஊர்தியை மாற்றுவதைத் தடுக்கிறது. அதே பாக எண்ணுள்ள கட்டுப்பாட்டகத்தை வைப்பது பாகம் மாற்றலே. வேகத்துக்காக நிரலை மாற்றி எழுதி, ஆக்சிஜன் உணரியை நீக்கி ஓட்டுவது வேறு. அவ்வண்டி புகைச் சோதனையில் தோற்கும்.

பாரத் ஸ்டேஜ் 2, 3 நெறிகளில் பதிவான பெட்ரோல் தானுந்துகள் வெற்றோட்டத்தில் வெளிவிடும் கார்பன் மோனாக்சைடு 0.5 விழுக்காட்டையும், ஐதரோகார்பன் பத்து லட்சத்தில் 750 பங்கையும் தாண்டலாகாது. அதற்கு முந்தையவற்றுக்கு இவ்வரம்பு முறையே 3 விழுக்காடும் 1500 பங்கும் ஆகும். இவ்வூர்திகள் ஆறு மாதத்துக்கு ஒருமுறை சோதனைச் சான்று பெற வேண்டும். அலகை மாற்றியவுடன், முந்தைய சான்று காலாவதியாகும்வரை காத்திராமல், ஒரு சோதனை செய்துகொள்வது பயன் தரும். கார்பன் மோனாக்சைடு மிகுந்து காட்டினால் ஆக்சிஜன் உணரியையும் வெப்ப உணரியையும் மீண்டும் பார்க்க வேண்டும்.

தனியார் தானுந்தின் பதிவு 15 ஆண்டுகளுக்குச் செல்லும். அதன்பின் தகுதிச் சோதனைக்கு உட்பட்டு ஐந்தைந்து ஆண்டுகளாகப் புதுப்பிக்கப்படும். திருப்பூர் வடக்கு, தெற்கு வட்டாரப் போக்குவரத்து அலுவலகங்களில் டிஎன் 39, டிஎன் 42 எண்களில் 2000களில் பதிவான உட்செலுத்தல் ஊர்திகள் இப்போது அந்த 15 ஆண்டுகளைக் கடந்துவிட்டன. 2022 ஏப்ரல் முதல் தானுந்துக்கான புதுப்பிப்புக் கட்டணம் 600 ரூபாயிலிருந்து 5,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. 2025இல் 20 ஆண்டுகளைக் கடந்த இலகு ஊர்திகளுக்கு அது 10,000 ரூபாயாக்கப்பட்டது. எச்சரிக்கை விளக்கு எரிந்தவாறு சோதனைக்கு வரும் வண்டி திருப்பி அனுப்பப்படக்கூடும் என்பதால், அலகு தொடர்பான வேலைகளைப் பதிவு முடியும் நாளுக்குச் சில வாரங்கள் முன்னரே முடித்துக்கொள்வது வழக்கம்.